ஹெமிங்வே படித்த பள்ளியின் பழைய பத்திரிகைகளைச் சேகரிப்பது எப்படி?

சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் ஊரில் 1917 ஜூனில், பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளரான எர்னஸ்ட் ஹெமிங்வே பள்ளிப் படிப்பை முடித்தபோது அவருக்கு 17 வயது. அதற்குள் பள்ளிச் செய்தித்தாளான ட்ரபீஸில் 30க்கும் மேற்பட்ட செய்திகளும் பத்திகளும், இலக்கிய இதழான டாபுலாவில் மூன்று கதைகளும் எழுதியிருந்தார். மாணவர்கள் படித்துவிட்டுத் தூக்கிப்போட்ட தாள்கள் அவை. தப்பிப் பிழைத்த பிரதிகள் மிகக் குறைவு என்பதால்தான் நிதானமாகத் தேட வேண்டியிருக்கிறது.

படி 1: பட்டியல் போடுங்கள்

பணத்தைக் கையில் எடுக்கும் முன் நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஆட்ரி ஹானமன் 1967இல் வெளியிட்ட ஹெமிங்வே நூற்பட்டியலும், இந்தப் பள்ளிக்கால எழுத்துகளை மேத்யூ புருக்கோலி 1971இல் தொகுத்த நூலும் பெரிய நூலகங்களில் கிடைக்கும். எந்த இதழ், எந்தத் தேதி, என்ன தலைப்பு என்று கைப்பட எழுதிக்கொள்ளுங்கள். தொடங்குபவர்களுக்கு டாபுலாவின் 1916 பிப்ரவரி, ஏப்ரல், நவம்பர் இதழ்கள்தான் முதல் இலக்கு. மூன்று கதைகளும் அவற்றில்தான் வந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது பிப்ரவரி கதை. பணப்பையைத் திருடிவிட்டான் என்று நினைத்து, ஒரு வேட்டைக்காரன் தன் கூட்டாளியின் வழியில் கண்ணி வைக்கிறான். அப்புறம் பார்த்தால் பையை எடுத்தது ஓர் அணில். காப்பாற்ற ஓடுகிறான், ஆனால் நேரம் கடந்துவிட்டது. அந்த வேட்டைக்காரனின் காலும் கரடிப்பொறியில் மாட்டிக்கொள்கிறது. 16 வயதுப் பையன் எழுதியது இது! பின்னாளைய ஹெமிங்வேயின் சாயல் அதில் ஏற்கெனவே தெரிகிறது.

படி 2: பெயரில் ஏமாறாதீர்கள்

அக்கா மார்செலினும் அதே வகுப்பில்தான் படித்தார், ட்ரபீஸிலும் வேலை பார்த்தார். அதனால் ‘ஹெமிங்வே’ என்ற பெயரைப் பார்த்த உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். பெயரே போடாத ஒரு செய்தியைக் காட்டி “இதுவும் அவர் எழுதியதுதான்” என்று விற்பவர் சொன்னால், உங்கள் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாதாரணப் பழைய இதழுக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுங்கள்.

படி 3: தேடும் சொல்லை மாற்றுங்கள்

இணைய ஏலத்தில் ஹெமிங்வே பெயரைப் போட்டுத் தேடினால் விலை ஏற்கெனவே ஏறிய பிரதிகள்தான் வரும். தாத்தாவின் பெட்டியைக் காலி செய்யும் குடும்பத்துக்கு உள்ளே யார் எழுதியிருக்கிறார் என்பது தெரியாமலே இருக்கலாம். பள்ளியின் பெயரையும் ஆண்டையும் மட்டும்தான் போடுவார்கள். அதனால் ஓக் பார்க், டாபுலா, ட்ரபீஸ், 1916, 1917 என்று ஆங்கிலத்தில் விதவிதமாகச் சேர்த்துத் தேடல்களைச் சேமித்து வையுங்கள். சிகாகோ வட்டாரத்தில் நடக்கும் வீட்டுச் சாமான் விற்பனைகளையும் கவனியுங்கள்.

படிப்பை முடிக்கும் வகுப்புக்காக வந்த 1917இன் சீனியர் டாபுலாவையும் விட்டுவிடாதீர்கள். வகுப்புத் தோழர்கள் வருங்காலத்தில் என்ன ஆவார்கள் என்று ஹெமிங்வே வேடிக்கையாக எழுதிய ஜோசியம் அதில் இருக்கிறது. பள்ளி நினைவாகப் பத்திரப்படுத்தும் இதழ் என்பதால், செய்தித்தாளான ட்ரபீஸை விட இது கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

படி 4: லென்ஸ் வைத்துப் பாருங்கள்

இதை மட்டும் அவசரமில்லாமல் செய்யுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை ஓர் எழுத்தின் மேல் வையுங்கள். ஈய எழுத்தால் அச்சடித்த தாள் என்றால், மை ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு எழுத்தைச் சுற்றி மெல்லிய கருங்கோடு போலத் தெரியும். தாளைத் திருப்பி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்தின் அழுத்தம் லேசாகப் புடைத்திருப்பதையும் பல பிரதிகளில் காணலாம். நகல் இயந்திரத்தில் எடுத்த பிரதியில் இவை இருக்காது. எழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் சிதறியிருக்கும்.

பிறகு அறையை இருட்டாக்கி யூவி (புற ஊதா) டார்ச் அடியுங்கள். தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1916ஆம் ஆண்டுத் தாள் அல்ல. அப்படி ஒளிரவைக்கும் வெண்மையூட்டிகள் தாளில் சேர்க்கப்பட்டது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

முழு இதழாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள். கத்தரித்த துண்டு மலிவாகக் கிடைக்கும். ஆனால் தேதியும் பக்க எண்ணும் போய்விட்டால், அது எந்த இதழ் என்பதற்கே ஆதாரம் இருக்காது.

படி 5: பாதுகாப்பு

செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும்தான் தாளைப் பழுப்பாக்கி அப்பளம் போல நொறுங்க வைக்கின்றன. செல்லோடேப் ஒட்டக் கூடாது, லேமினேட் செய்யவே கூடாது. அமிலமற்ற அட்டையை அடியில் வைத்து, மைலார் (தெளிவான பாலியஸ்டர்) உறைக்குள் போட்டு, மடிக்காமல் படுக்கையாக வையுங்கள். மடிப்போடு வந்த தாளை உடனே விரிக்கப் பார்க்காதீர்கள், மடிப்பிலேயே உடைந்துவிடும். தாள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலும் ஈரமும் படாத, வெள்ளிப்பூச்சி வராத அலமாரிதான் சரியான இடம்.

உறைக்குள் போடும் முன், அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: இதழின் பெயர், தேதி, ஹெமிங்வே எழுதியது எந்தப் பக்கத்தில், யாரிடமிருந்து எந்த நாளில் வாங்கியது.