முன் டயர் மொட்டையான பிறகு மாற்றிப் போடாதீர்கள்

முன்னால் இரண்டு டயரும் வழுக்கையாகி, பின்னால் இருப்பவை புதுசு மாதிரி இருக்கும்போதுதான் நம்மில் பலருக்கு டயர் ரொட்டேஷன், அதாவது முன்பின் டயர்களை அவ்வப்போது இடம் மாற்றிப் போடுவது என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வருகிறது. நானும் அந்த ரகம்தான். முதல் காரை 30,000 கி.மீ. வரை டயரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினேன். கடைசியில் கடைக்காரர் "பின்னாடி இருக்கிறதை முன்னாடி போட்டுடலாம் சார், இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்றார், காசு மிச்சம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த மழையில் ஒரு வளைவில் காரின் பின்பக்கம் தனியாக வழுக்கிக்கொண்டு போனபோதுதான் உறைத்தது.

முதல் தவறு இதுதான், தாமதம். நாம் ஓட்டும் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை வண்டிகள். என்ஜின் பாரம், இழுக்கும் வேலை, திருப்பும் வேலை, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன் டயர் தலையில். பின் டயர் சும்மா கூடவே உருண்டு வருகிறது. அதனால் முன்னது வேகமாகத் தேயும். தேய்ந்து முடிந்ததைப் பின்னால் தள்ளினால் ஈரச் சாலையில் பின்பக்கப் பிடிமானம் முதலில் போய்விடும். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் ஓரளவு சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும், அதைப் பிடித்து நிறுத்தும் திறமை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இரண்டே இரண்டு புது டயர் வாங்கினாலும் இதே கணக்குதான்: புதுசு பின்னால். "புது டயர் முன்னாடிதான் போடணும்" என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை இடம் மாற்றினால் முன்பின் தேய்மான வித்தியாசம் பெரிதாகாது. 10,000 கி.மீ. சர்வீஸோடு சேர்த்துவிட்டால் தனியாக ஞாபகம் வைக்கவும் வேண்டாம்.

மாற்றிப் போட்டால் டயர் ஆயுள் இரட்டிப்பாகும் என்பதும் கட்டுக்கதை. ஒரு கணக்குக்கு, தேயக்கூடிய ரப்பர் 6 மி.மீ., முன்னால் 5,000 கி.மீ.க்கு 1 மி.மீ., பின்னால் 10,000 கி.மீ.க்கு 1 மி.மீ. தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றாமல் ஓட்டினால் முன் ஜோடி 30,000இல் முடியும், பின் ஜோடி 60,000இல் முடியும், 60,000 கி.மீ.க்கு மொத்தம் ஆறு டயர். மாற்றி மாற்றி ஓட்டினால் நான்கும் 40,000இல் சேர்ந்து முடியும், அதாவது 60,000க்கு அதே ஆறு டயர்தான்! அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்றால், ஒரே இடத்தில் கிடக்கும் டயர் ஒரே மாதிரி கோணலாகத் தேயும், ஓரம் உருண்டு போகும், மேடு பள்ளம் விழுந்து சத்தம் போடும், பாதி ரப்பர் மிச்சம் இருக்கும்போதே தூக்கிப் போட வேண்டிவரும். அந்த வீணைத் தடுப்பதுதான் உண்மையான லாபம். கூடவே நான்கு டயருக்கும் எப்போதும் ஏறக்குறைய ஒரே பிடிமானம்.

அதனால்தான் தேய்மானத்தைப் பார்க்காமலே மாற்றுவது அடுத்த பெரிய தவறு. கழற்றிய டயரைக் கையால் தடவிப் பாருங்கள். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு, இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் என்றால் காற்று அதிகம், அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) கோளாறு. இதைச் சரி செய்யாமல் இடம் மாற்றினால் நல்ல டயரைக் கொண்டுபோய் அதே நோய்க்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

எந்த டயர் எங்கே போகும் என்பதிலும் குழப்பம் உண்டு. முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர்கள் அதே பக்கம் நேராகப் பின்னால் போகும், பின் டயர்கள் பக்கம் மாறி முன்னால் வரும். பின்சக்கர இழுவையில் இது தலைகீழ். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றவே கூடாது, அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான். மாற்றி முடித்ததும் காற்றைப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு இருந்தால் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் வேதம்.

நட் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். காற்றுத் துப்பாக்கியால் டர்ரென்று இறுக்கிவிட்டால் நாளைக்கு நடுரோட்டில் பஞ்சரானபோது எல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தாலும் அசையாது. எதிரெதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு முடிக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபார்க்கவும்.

ஸ்டெப்னி மற்ற நான்கோடு ஒரே அளவு, ஒரே ரகம் என்றால் அதையும் சுற்றில் சேர்க்கலாம், இல்லாவிட்டால் டிக்கியில் ஓடாமலே கிழடாகிவிடும். வயது தெரிய, டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. ஆனால் நான்கும் அலாய், ஸ்டெப்னி மட்டும் சின்ன அளவு இரும்பு வீல் என்றால் அதை அவசரத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

சர்வீஸுக்கு விடும் முன் ஒவ்வொரு டயரின் உள்பக்கத்திலும் சாக்பீஸால் ஒரு குறி போட்டு வையுங்கள். ஒருமுறை பில்லில் டயர் ரொட்டேஷனுக்குத் தனியாகக் காசு போட்டிருந்தார்கள், வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் நான் முன் இடதில் போட்ட குறி முன் இடதிலேயே இருந்தது.