கிரெட்டா எலெக்ட்ரிக்: புக் செய்வதற்கு முன் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வண்டி. பேட்டரி இரண்டு அளவுகளில் வருகிறது: 42, 51.4 கிலோவாட் ஹவர். அறிமுகத்தின்போது ஷோரூம் விலை 17.99 லட்சத்தில் தொடங்கியது. வண்டி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான், அதை வாங்குகிறவர்கள் சின்ன விஷயங்களில் கோட்டை விடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முதலில் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம். பெரிய பேட்டரிக்கு அறிமுகத்தில் சொன்ன கணக்கு 473 கி.மீ. உடனே, "சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே சார்ஜில் போய்விடலாம்" என்று மனக்கணக்கு போடுகிறோம். அது சோதனைக்கூடத்து எண். ஏசி ஓட, நான்கு பேரோடு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் ஹவர்தான் ஒரு யூனிட்) 6 கி.மீ. கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 51.4-க்கு 308 கி.மீ. ஆகிறது. இதிலும் ஒரு கழிவு உண்டு. நெடுஞ்சாலையில் 80 சதவீதத்துக்கு மேல் வேக சார்ஜிங் மந்தமாகிவிடும், 10-க்குக் கீழே இறங்க யாருக்கும் தைரியம் வராது. ஆக, வழியில் சார்ஜ் போட்டபின் கைக்கு வருவது 70 சதவீதம், அதாவது சுமார் 215 கி.மீ. உங்கள் ஊர்ப் பயணத்தை இந்த எண்ணை வைத்துத் திட்டமிடுங்கள்.

சார்ஜரிலும் கவனம் வேண்டும். 10-லிருந்து 80-க்கு 58 நிமிடம் என்பது 50 கிலோவாட் சார்ஜரில். பலகையில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், இரண்டு கன் (வண்டியில் செருகும் பிளக்) உள்ள சார்ஜரில் பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து நின்றால் பல இடங்களில் மின்சாரம் பாதியாகப் பிரிந்துவிடும். தீபாவளிக்கு முதல் நாள் இது பெரிய விஷயம்.

அடுத்து, பலர் சறுக்கும் இடம்: வீட்டுச் சார்ஜர். என் மைத்துனர் 11 கிலோவாட் சுவர் சார்ஜருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டார். எலெக்ட்ரீஷியன் வந்து மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது சிங்கிள் ஃபேஸ்" என்றார். அந்தச் சார்ஜர் முழு வேகத்தில் ஓட மூன்று ஃபேஸ் வேண்டும். இணைப்பை மாற்ற, மின்பளுவைக் கூட்ட, கட்டணம் கட்ட என்று மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

உண்மையில் அவருக்கு அது தேவையே இல்லை. தினமும் 50 கி.மீ. ஓட்டுகிறவருக்கு எட்டு ஒன்பது யூனிட் போதும். நல்ல எர்த்திங் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறிவிடும். அந்த சாக்கெட்டுக்குத் தனி வயர், தனி எம்சிபி (மின்பளு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) போடுங்கள். வாஷிங் மெஷின் லைனில் செருகாதீர்கள். எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும்.

அப்புறம் கரண்ட் பில். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப்களின் கட்டணமும் மாறும். ஏற்கெனவே 400 யூனிட் வருகிற வீட்டில் கார் சேர்ந்தால் பில் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் பெட்ரோல் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அடுக்குமாடியில் இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே சங்கச் செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் நாம் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அம்மாவையோ அப்பாவையோ பின் சீட்டில் உட்கார வையுங்கள். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் முட்டி எவ்வளவு உயர்கிறது, தொடை சீட்டில் படிகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைக்கும் ரீஜென் அளவை ஸ்டியரிங்கில் உள்ள பேடிலில் கூட்டியும் குறைத்தும் ஓட்டிக் காட்டுங்கள். அதிகபட்சத்தில் சிலருக்குக் குமட்டும். அவர்களுக்கு எந்த அளவு ஒத்துக்கொள்கிறதோ, அதில் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.