நேர்கோட்டு டோன் ஆர்ம்: இரண்டு மில்லிமீட்டரில் கெடும் காரியம்

இசைத்தட்டை முதன்முதலில் வெட்டும் இயந்திரத்தில், வெட்டும் முனை விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. நாம் வீட்டில் வைத்திருக்கும் சாதாரண டோன் ஆர்ம் (டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் கை) அப்படி நகராது. ஒரு மூலையில் ஊன்றிக்கொண்டு வில் போல வளைந்து வரும். அதனால் ஊசி ஒரு பக்கம் முழுக்க இரண்டே இடங்களில்தான் தடத்துக்குச் சரியாக நிற்கும். மற்ற இடங்களில் கோணல். ஒன்பது அங்குல ஆர்மில் அது சுமார் 2 டிகிரி வரை போகும். இந்தக் கோணலே வேண்டாம் என்பவர்கள்தான் லீனியர் டிராக்கிங் ஆர்மை, அதாவது ஊசியை நேர்கோட்டிலேயே நகர்த்தும் ஆர்மை, தேடிப் போகிறார்கள். நேராகத்தானே போகிறது, அப்புறம் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஊசி போகும் கோடு ஸ்பிண்டிலின் (தட்டின் நடுவில் நிற்கும் சிறு அச்சின்) நடுமையத்தை நோக்கி இருக்க வேண்டும். அது 2 மி.மீ. விலகியிருந்தால், மையத்திலிருந்து 146 மி.மீ. தள்ளியிருக்கும் முதல் தடத்தில் கோணல் 0.8 டிகிரிதான். கடைசித் தடங்களில், 60 மி.மீ. அருகே, 1.9 டிகிரி ஆகிவிடும். காசைக் கொட்டி வாங்கிய ஆர்ம் பழைய ஆர்மின் பிழைக்கே வந்து நிற்கிறது. அதுவும் உள்தடங்களில் சுற்றின் நீளம் குறைவு, அலைகள் நெருக்கம். சின்னக் கோணலும் காதில் கரகரப்பாக விழுவது அங்கேதான்.

சரிபார்க்க ஒரு தடித்த அட்டை போதும். ஸ்பிண்டில் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் மையத்திலிருந்து ஒரு நேர்கோடு வரையுங்கள். வெளிவிளிம்பில் ஊசி கோட்டின் மேல் வரும்படி அட்டையைத் திருப்பி, தட்டு அசையாமல் டேப் ஒட்டிவிட்டு, ஆர்மை உள்ளே நகர்த்துங்கள். ஊசி கோட்டை விட்டு விலகினால், கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய சிறு பெட்டியை) முன்னோ பின்னோ தள்ளி மறுபடி பாருங்கள். கடைசியில் கான்டிலீவர் (ஊசி முனையைத் தாங்கும் மெல்லிய குச்சி) கோட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பல கார்ட்ரிட்ஜ்களில் உடம்பு நேராக இருக்கும், கான்டிலீவர் இருக்காது.

அடுத்தது மட்டம். தட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தவர்கள் ஆர்மின் தண்டவாளத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. சில ஆர்ம்களில் கார்ட்ரிட்ஜைச் சுமக்கும் வண்டி, பம்ப் தரும் காற்றில் தண்டவாளத்தின் மேல் மிதக்கும். அது 35 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்டவாளம் அரை டிகிரி சாய்ந்தால் வண்டி 0.3 கிராம் விசையோடு ஒரு பக்கமாகச் சரியும். ஊசியின் அழுத்தமே 2 கிராம்தான். இந்தச் சரிவைத் தாங்குவது பாவம் அந்தக் கான்டிலீவர். எதிர் எடையை நகர்த்தி ஊசி அந்தரத்தில் நிற்கும்படி வைத்து, காற்றைத் திறந்துவிட்டு, வண்டியை லேசாக ஊதுங்கள். எங்கே விட்டாலும் ஒரே பக்கமாக ஓடினால் மட்டம் சரியில்லை. இரண்டு பக்கமிருந்தும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தால் ஆர்முக்குப் போகும் மெல்லிய கம்பிதான் ஸ்பிரிங் போல இழுக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் இரண்டு சாயங்காலம் டர்ன்டேபிளின் கால்களைத் திருகிக்கொண்டிருந்தேன். குற்றவாளி அந்தக் கம்பியின் முறுக்கு.

கார்ட்ரிட்ஜ் தேர்விலும் பலர் சறுக்குவார்கள். காற்றில் மிதக்கும் ஆர்மில் மேலும் கீழும் அசையும் நிறை குறைவு. பக்கவாட்டிலோ முழு வண்டியையும் ஊசியே இழுத்துப் போக வேண்டும். இசைத்தட்டின் ஓட்டை மையம் தவறியிருந்தால் 1.8 வினாடிக்கு ஒரு முறை வண்டியை இங்கும் அங்கும் ஆட்ட வேண்டியிருக்கும். கார்ட்ரிட்ஜோடு சேர்த்துப் பக்கவாட்டு நிறை 37 கிராம், கம்ப்ளையன்ஸ் (ஊசி எவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்கும் என்ற எண்) 20 என்றால் ஒத்ததிர்வு (ஊசியும் வண்டியும் தாமாக ஆடும் அதிர்வெண்) 6 ஹெர்ட்ஸுக்கு, இந்த மெதுவான ஆட்டத்தின் பக்கமாக, இறங்கிவிடும். கம்ப்ளையன்ஸ் 10 என்றால் 8 ஹெர்ட்ஸுக்கு மேல் நிற்கும். எனவே என் ஓட்டு சற்று விறைப்பான கார்ட்ரிட்ஜுக்கு. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் கம்ப்ளையன்ஸ் எண்ணை 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்வார்கள். அதை 10 ஹெர்ட்ஸ் எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஆன்டி ஸ்கேட்டிங் திருகை (வளைந்து வரும் ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்வது) தேட வேண்டாம், இந்த ஆர்முக்கு அது தேவையில்லை.

மோட்டாரே ஆர்மை நகர்த்தும் வகையில் இந்த நிறைப் பிரச்சினை இல்லை. ஜேக்கப் ஜென்சன் வடிவமைத்த 1972-இன் பேங் அண்ட் ஓலஃப்சன் பியோகிராம் 4000, 1979-இன் டெக்னிக்ஸ் எஸ்எல்-10 எல்லாம் அந்த வகை. அழகில் மயங்கி வாங்குகிறவர்கள் தளர்ந்த பெல்ட்டையும் இறுகிப்போன கிரீஸையும் பார்ப்பதில்லை. முதலில் கார்ட்ரிட்ஜ் கிடைக்குமா என்று விசாரியுங்கள்: பியோகிராமுக்கு அதன் சொந்த வகை மட்டுமே பொருந்தும், எஸ்எல்-10-க்கு 1.25 கிராம் அழுத்தத்துக்கு அமைத்த, நேரே செருகிப் பொருத்தும் டி4பி வகை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று வந்த பழைய மாடல் என்றால் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை முடிந்தது.

காற்று பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கடலோர ஊர்களில் குழாயில் ஈரம் சேரும். நீர் பிரிக்கும் வடிகட்டி இல்லாமல் ஓட்டாதீர்கள். பம்ப்பை முதலில் போட்டு, காற்று நிலைத்த பிறகே ஊசியை இறக்குங்கள். நிறுத்தும்போது ஊசியைத் தூக்கிய பிறகே பம்ப்பை அணையுங்கள். பாதிப் பாட்டில் கரண்ட் போனால் காற்று உடனே நின்று வண்டி இறுகிவிடும், ஆனால் கனமான தட்டு இன்னும் கொஞ்ச நேரம் சுற்றும். அந்தச் சில வினாடிகள் காற்று தீராமல் இருக்க நடுவில் ஒரு சின்னக் காற்றுத் தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.