அலுவலக மின்னஞ்சல் முக்கியமென்றால்: ஐபோனுக்கோ ஆண்ட்ராய்டுக்கோ மாறும் முன் பார்க்க வேண்டியவை

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகலாமா, ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு வரலாமா என்று யோசிப்பவர்கள் கேமரா, பேட்டரி, விலை ஆகிய மூன்றையும் நன்றாக எடைபோட்டு விடுகிறார்கள். அலுவலக மின்னஞ்சல் பற்றிய கேள்வி மட்டும் ‘மெயில் எதில்தான் வராது’ என்ற அளவில் முடிந்துவிடுகிறது. வரும் என்பது உண்மைதான். ஆனால் எந்தச் செயலியில் வரும், அனுப்பிய உடனே வருமா கால் மணி நேரம் கழித்து வருமா, அது வருவதற்காக நம் சொந்தக் கைப்பேசியின் மீது அலுவலகத்துக்கு எவ்வளவு உரிமையைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பவை தளத்துக்குத் தளம் மாறுகின்றன.

அலுவலக மின்னஞ்சல் என்றாலே பிளாக்பெரி என்றிருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2008 ஜூலையில் ஐபோன் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு, நிறுவனங்களுக்கான மின்னஞ்சல் சேவையான மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் கணக்குகளை ஏற்கத் தொடங்கியதும் அந்தப் பிடி தளர்ந்தது. இன்று இரண்டு தளங்களும் அலுவலக வேலைக்குத் தகுதியானவையே. ஆகவே முடிவு செய்ய வேண்டியது எது சிறந்த கைப்பேசி என்பதை அல்ல. நம் அலுவலகம் மின்னஞ்சலை எந்த வழியாகத் தருகிறது, அந்த வழி புதிய தளத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான்.

கடைக்குப் போகும் முன் ஐடி பிரிவுக்கு

முதலில் தெரிய வேண்டியது, அலுவலக மின்னஞ்சல் மைக்ரோசாஃப்ட் 365-இல் இருக்கிறதா, கூகுள் வொர்க்ஸ்பேஸிலா, ஸோஹோ மெயிலிலா, அல்லது நிறுவனம் தானே நடத்தும் சர்வரிலா என்பது. கணினியில் உலாவி வழியாக மின்னஞ்சலைத் திறக்கும்போது வரும் உள்நுழைவுப் பக்கமே பெரும்பாலும் இதைச் சொல்லிவிடும். அடுத்து, கைப்பேசியோடு வரும் மெயில் செயலியை அனுமதிக்கிறார்களா, அவுட்லுக் அல்லது ஜிமெயில் செயலியைத்தான் பயன்படுத்த வேண்டுமா என்று கேளுங்கள். ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளில் இரண்டு தளங்களையும் ஆதரிக்கிறார்களா என்பதையும் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. ஒரு தளத்துக்கு மட்டுமே விதிகளை அமைத்து வைத்துவிட்டு, மற்றொன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கும் அலுவலகங்களும் உண்டு.

குறைந்தபட்ச இயங்குதளப் பதிப்பு என்று ஒரு விதி இருக்கக்கூடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிப்புக்குக் கீழே இருக்கும் கைப்பேசியில் மின்னஞ்சல் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இந்த இடத்தில் தளத்தின் பெயரைவிட மாடல் முக்கியம். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-க்கும் 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு மேம்பாடுகள் உறுதியளிக்கப்பட்டுள்ளன. விலை குறைந்த பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. உறவினரிடமிருந்து வாங்கும் பழைய ஐபோனையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து இணையும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் 2022 அக்டோபரிலிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டது. எனவே ‘சர்வர் பெயரும் பாஸ்வேர்டும் இருந்தால் போதும், எந்த போனிலும் போட்டுவிடலாம்’ என்று நண்பர் சொல்லும் ஆலோசனை அந்தக் காலத்தோடு போயிற்று.

உடனே வருமா, கால் மணி நேரம் கழித்து வருமா

ஐபோனோடு வரும் மெயில் செயலியில் எக்ஸ்சேஞ்ச் கணக்கைச் சேர்த்தால் அஞ்சல்கள் உடனுக்குடன் வந்து சேரும். அதே செயலியில் கூகுள் கணக்கைச் சேர்த்தால் அப்படி வராது. சாதாரண ஜிமெயில் பயனர்கள் எக்ஸ்சேஞ்ச் முறையில் புதிதாக இணைவதை 2013 ஜனவரியில் கூகுள் நிறுத்திவிட்டது. இன்று கூகுள் கணக்காகச் சேர்க்கும்போது, கைப்பேசியே குறிப்பிட்ட இடைவெளியில் போய்ப் பார்த்து எடுத்துவர வேண்டும். நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய மிகக் குறுகிய இடைவெளி 15 நிமிடம். வாடிக்கையாளரின் அவசர அஞ்சலுக்குக் காத்திருப்பவருக்கு 15 நிமிடம் சிறியதல்ல. தீர்வு எளிது: ஜிமெயில் செயலியை நிறுவிக்கொண்டால் அறிவிப்பு உடனே வரும். 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் அதையே இயல்பான மெயில் செயலியாக வைத்துக்கொள்ளவும் முடிகிறது. ஆனாலும், கைப்பேசியோடு வரும் செயலியில் எல்லாக் கணக்குகளையும் ஒரே பெட்டியாகப் பார்க்கும் ஆசையில் ஐபோனுக்கு மாறுபவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டின் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பயன்படுத்தாமல் கிடக்கும் கைப்பேசியில் செயலிகளின் பின்னணி வேலையை இயங்குதளம் கட்டுப்படுத்துகிறது. அதற்கு மேல், பேட்டரி நீடிக்க வேண்டும் என்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள் பின்னணியில் இருக்கும் செயலிகளை இன்னும் கடுமையாக மூடிவிடுகிறார்கள். காலையில் கைப்பேசியைத் திறந்ததும் இரவு முழுவதும் வந்த அஞ்சல்கள் ஒரே மூச்சில் கொட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். செட்டிங்ஸில் அந்த மெயில் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்ற வேண்டும். ‘ஆட்டோஸ்டார்ட்’ என்ற தனி அனுமதி இருக்கும் கைப்பேசிகளில் அதையும் இயக்கிவிட வேண்டும்.

ஸோஹோ மெயிலைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அதன் இலவசத் திட்டத்தில், மற்ற மெயில் செயலிகள் இணைவதற்கான ஐமேப், ஆக்டிவ்சிங்க் வசதிகள் கிடையாது என்பதால், எந்தத் தளமானாலும் அவர்களுடைய சொந்தச் செயலியில்தான் படிக்க வேண்டும்; தளம் மாறினாலும் பெரிய வேறுபாடு தெரியாது.

அலுவலகத்தின் கை எவ்வளவு தூரம் நீளும்

இரண்டு தளங்களும் உண்மையாகவே வேறுபடும் இடம் இதுதான், என் பார்வையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய இடமும் இதுவே.

ஆண்ட்ராய்டில் 2014 முதல் ‘வொர்க் புரொஃபைல்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அலுவலகச் செயலிகள் பெட்டிச் சின்னம் பொறித்த தனிப் பகுதியில் இருக்கும். ஒரே செயலியைச் சொந்தத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பகுதியை ஒரே தொடுதலில் நிறுத்திவைத்தால் திங்கள் காலை வரை அலுவலகச் செயலிகள் எதுவும் இயங்காது. வேலையை விட்டு விலகும்போது நிறுவனம் அந்தப் பகுதியை மட்டும் நீக்கும். சொந்தப் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். வீட்டையும் அலுவலகத்தையும் ஒரே கைப்பேசியில் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்பவருக்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு ஐபோனில் இல்லை.

ஐபோனில் இதற்கு இணையாக 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் ‘யூசர் என்ரோல்மென்ட்’ என்ற முறை வந்தது. அலுவலகத் தரவு தனிச் சேமிப்புப் பகுதியில் இருக்கும்; நிறுவனம் முழுக் கைப்பேசியையும் அழிக்க இதில் வழியில்லை. ஆனால் பயனரின் கண்ணுக்கு அந்தச் சுவர் தெரியாது, ஒரே செயலியின் இரண்டு பிரதிகளும் கிடையாது. மேலும், எல்லா நிறுவனங்களும் இந்த முறையைத் தேர்ந்தெடுப்பதில்லை. கைப்பேசி முழுவதையும் நிர்வாகத்தில் சேர்க்கும் முறையில் நிறுவனத்தால் அதை முழுமையாக அழிக்க முடியும். எந்த முறையில் சேர்க்கப்பட்டிருக்கிறோம் என்பதை, செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குள் இருக்கும் ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது வழியும் உண்டு. கைப்பேசியைத் தொடாமல் அவுட்லுக் போன்ற செயலிகளுக்கு மட்டும் விதி போடும் முறை அது. அலுவலக அஞ்சலில் இருக்கும் வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாமல் போவது இந்த விதியால்தான். நிறுவனங்கள் சாதனங்களையும் செயலிகளையும் நிர்வகிக்க உதவும் மைக்ரோசாஃப்ட் இன்டியூன் வழியாக இதைச் செய்யும்போது, ஆண்ட்ராய்டில் ‘கம்பெனி போர்ட்டல்’ செயலியை நிறுவச் சொல்லும். அதைக் கண்டதும் கைப்பேசியையே ஒப்படைக்கச் சொல்கிறார்கள் என்று பலர் பயந்து பின்வாங்குகிறார்கள். செயலி நிறுவப்பட்டிருந்தால் போதும், கைப்பேசியைப் பதிவு செய்யத் தேவையில்லை. ஐபோனில் அந்த வேலையை, உள்நுழைவை உறுதிசெய்யும் செயலியான மைக்ரோசாஃப்ட் அத்தென்டிகேட்டரே பார்த்துக்கொள்ளும். தமிழில் அலுவலக அஞ்சல் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் இதில் இருக்கிறது: வெளியார் விசைப்பலகைகளை அலுவலகச் செயலிக்குள் தடுக்க நிறுவனத்தால் முடியும். ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இருப்பதால் அவற்றுக்குப் பழகியவருக்குக் கவலையில்லை. தனியாக நிறுவிய விசைப்பலகையில்தான் விரல் ஓடும் என்பவர் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறந்துபோகும் சாவி

தளம் மாறும் நாளில் மின்னஞ்சலைத் தொலைப்பவர்கள் பெரும்பாலும் மெயில் செயலியால் தொலைப்பதில்லை; உள்நுழைவை உறுதிசெய்யும் அத்தென்டிகேட்டரால்தான் தொலைக்கிறார்கள். புதிய கைப்பேசி வந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலையே பழையதை அழித்துவிட்டு, திங்கள் காலை ஐடி பிரிவு திறக்கும் வரை அலுவலகக் கணக்குக்குள் நுழைய முடியாமல் நானும் உட்கார்ந்திருக்கிறேன். படங்களையும் தொடர்புகளையும் பத்திரமாக நகர்த்திவிட்ட பெருமிதத்தில், பூட்டின் சாவி பழைய கைப்பேசிக்குள் இருந்ததை நினைக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் அத்தென்டிகேட்டரின் காப்புப் பிரதி ஐபோனில் ஐகிளவுடிலும், ஆண்ட்ராய்டில் மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் சேமிக்கப்படுகிறது. ஒன்றில் எடுத்ததை மற்றொன்றில் மீட்க முடியாது. அலுவலகக் கணக்கை எப்படியும் புதிதாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். பழைய கைப்பேசி கையில் இருக்கும்போதே, கணினியில் கணக்கின் பாதுகாப்புத் தகவல் பக்கத்தைத் திறந்து புதியதை இரண்டாவது சாதனமாகச் சேர்த்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. பழையது போய்விட்டதென்றால், ஐடி பிரிவு தரும் தற்காலிக நுழைவுக் குறியீடு வேண்டியிருக்கும். கூகுள் அத்தென்டிகேட்டரில் இந்தத் தொல்லை குறைவு. கியூஆர் குறியீடு வழியாகத் தளம் தாண்டியும் நகர்த்தலாம், 2023 முதல் கூகுள் கணக்கிலேயே ஒத்திசைத்தும் வைக்கலாம்.

தொடர்பு எண்கள் எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்றும் பார்த்துவிடுங்கள். அலுவலகக் கணக்கில் சேமித்த எண்கள், அந்தக் கணக்கை நீக்கியதும் கைப்பேசியிலிருந்து மறைந்துவிடும். பல ஆண்டுகளாகச் சேர்த்த சொந்தக்காரர்களின் எண்களும் அதில் அடக்கம். சர்வரிலிருந்து அஞ்சல்களைச் சாதனத்துக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையைப் பயன்படுத்துபவர்கள், சர்வரில் பிரதி இருக்கிறதா என்று உலாவியில் திறந்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முடிவுக்கு வருவது

அலுவலகம் அவுட்லுக் அல்லது ஜிமெயில் செயலியை மட்டுமே அனுமதிக்கிறது, இரண்டு தளங்களையும் ஆதரிக்கிறது என்றால் மின்னஞ்சல் உங்களைத் தடுக்கவில்லை. கேமராவைப் பார்த்தே முடிவெடுக்கலாம். பல பேர் சேர்ந்து பார்க்கும் பொது அஞ்சல் பெட்டி உங்கள் பொறுப்பில் இருந்தால் அவுட்லுக் செயலிதான் வேண்டும், ஏனெனில் ஆக்டிவ்சிங்க் வழியாக இணையும் செயலிகளில் அத்தகைய பெட்டிகள் வராது. மாறப்போகும் தளத்தில் கைப்பேசி முழுவதையும் நிர்வாகத்தில் சேர்க்க வேண்டும் என்று அலுவலகம் சொன்னால், மாற்றத்தைத் தள்ளிவைப்பதோ, அலுவலகமே ஒரு கைப்பேசி தருமா என்று கேட்பதோ மேல்.

மாறுவதென்று முடிவெடுத்தால், மாதக் கடைசியும் கணக்கு முடிக்கும் நாட்களும் இல்லாத ஒரு வாரத்தில், வேலை நாளின் காலையில் தொடங்குங்கள். இரண்டு வாரம் பழைய கைப்பேசியை வைஃபையில் உயிரோடு வைத்திருங்கள். அந்த நாட்களில் ஒரு கூட்ட அழைப்பை ஏற்றுப் பாருங்கள், ஓர் இணைப்புக் கோப்பைத் திறந்து திருத்தி அனுப்பிப் பாருங்கள், இரவில் வந்த அஞ்சலுக்கு அறிவிப்பு எப்போது வந்தது என்று கவனியுங்கள். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு பழைய கைப்பேசியிலிருந்து அலுவலகக் கணக்கையும், இருந்தால் வொர்க் புரொஃபைலையும் நீக்கி, கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டு, கடைசியாக அதை அழியுங்கள்.