கைத்துப்பாக்கித் தோட்டா மறுநிரப்பலில் பிரைமர் அளவைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களைத் தாமே மறுநிரப்புவோர், தோட்டாவின் பெயரை மட்டும் நம்பாமல், வெற்றுக் கூட்டின் அடியிலுள்ள குழியைப் பார்த்தே பிரைமரின் (அக்குழியில் பொருந்தி, அடிபட்டதும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியின்) அளவை முடிவுசெய்ய வேண்டும். பிரைமரின் இரு அளவுகளில், சிறியதன் விட்டம் சுமார் 0.175 அங்குலம், பெரியதன் விட்டம் 0.210 அங்குலம். 9 மி.மீ. லூகர், .38 ஸ்பெஷல், .357 மேக்னம் ஆகிய தோட்டா வகைகள் சிறியதையும், .44 மேக்னம் பெரியதையும் ஏற்கும். மிகுந்த கவனம் தேவைப்படுவது .45 ஏசிபியில்தான்: வழக்கமாகப் பெரிய குழி கொண்ட இதில் சிறிய குழியுள்ள கூடுகளும் கலந்து வருவதால், ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துப் பிரித்துவிட வேண்டும், பொருந்தாத பிரைமரை ஒருபோதும் அழுத்தித் திணிக்கக் கூடாது. ரைஃபிள் தோட்டாக்களுக்கான பெரிய பிரைமர், விட்டம் ஒன்றேயானாலும் உயரம் கூடியதாகையால், இக்கூடுகளில் வெளியே துருத்தி நிற்கும், அது ஆபத்தானது. சரியாக அமர்ந்த பிரைமர், விரலால் தடவும்போது கூட்டின் அடிப்பரப்பைவிடச் சற்றே உள்வாங்கியிருக்கும்.