சாவடிச் சுவரில் இருக்கும் போர்க் கல்: கெடுக்காமல் துலக்குவதும் பெயர் தேடுவதும்

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளைக்கார அரசு ஊர் ஊராகப் பதித்த கற்கள் பெரும்பாலும் இதே அச்சுதான். போனவர் இத்தனை, மாண்டவர் இத்தனை, பெயர் கிடையாது. பழைய வட ஆர்க்காட்டில் உங்கள் ஊர்ச் சாவடியிலோ பள்ளிச் சுவரிலோ இப்படி ஒரு கல் சுண்ணாம்புக்கு அடியில் மங்கிக் கிடந்தால், அதைச் சேதமில்லாமல் படித்து, அந்த எண்ணுக்குரிய ஆட்களைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

தொடுவதற்கு முன் ஊராட்சித் தலைவரிடமும், கட்டடம் யாருடையதோ அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு படம் எடுங்கள்: நேராக ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று, சுவரோடு சேர்த்து ஒன்று. பாதி வேலையில் ஒரு எழுத்து உதிர்ந்தால், முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

கல் வெள்ளையாக இருந்தால் அது பளிங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பளிங்கு சுண்ணாம்பு வகை. புளிப்பு பட்டால் கரையும். கழிவறை ஆசிட் மட்டுமல்ல, குத்துவிளக்கு துலக்கும் புளியும் எலுமிச்சையும்கூட ஆகாது. தேய்த்த அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும்; மேல்தோல் போய்விட்டதால் அடுத்த மழைக்காலத்தில் முன்னைவிட மோசமாக அழுக்குப் பிடிக்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். துணி துவைக்கும் பிரஷ்கூட முரடு. மென்மையான நைலான் பிரஷ் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் பக்கம் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றிக் கழுவினால் காய்ந்தபின் கல்லில் வெள்ளை பூக்கும். அந்த உப்பு துளைக்குள் இறங்கி மேற்பரப்பையே பொரிய வைக்கும். 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்றோ, பிடித்து வைத்த மழைநீரோ போதும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறிய கல்லில் தண்ணீர் நொடியில் காய்ந்து கோடு விழும்.

முதலில் கல் முழுவதையும் நனையுங்கள். தேய்ப்பது கீழிருந்து மேலாக. மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு நீர் காய்ந்த பகுதியில் வழிந்து கறை போடும். கடைசி அலசல் மட்டும் மேலிருந்து கீழே. வெள்ளையடித்த சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் ஈரத்துணியைச் சாத்தி அரைமணி நேரம் ஊறவிட்டு, சீவிய மூங்கில் குச்சியால் நெம்புங்கள், கத்தி கூடாது. சில கற்களில் எழுத்துப் பள்ளத்தில் ஈயம் அடைத்திருக்கும். அசையும் ஈயத்தைத் தொடாதீர்கள், கழன்றால் திரும்ப உட்காராது. எனாமல் பெயிண்ட் பூசியிருந்தால் நீங்களே முயல வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் கேளுங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை).

செங்கம் பக்கத்து நடுகற்களுக்கு எண்ணெய் சாத்திப் பழகிய கை, இந்தக் கல்லுக்கும் மஞ்சள் குங்குமம் வைக்கத்தான் நீளும். மரியாதையைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். கீழே சின்ன மாடம் ஒன்று கட்டி, விளக்கும் மாலையும் அங்கே வைக்கச் சொல்லுங்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் சாக்பீஸ் தடவாதீர்கள். இரவில் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். பகலில் தெரியாத எழுத்தெல்லாம் நிழல் விழுந்து எழும்பும். நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் காட்டி நான்கு படம் எடுங்கள்.

இனி பெயர். உலகப் போர்களில் மாண்டவர்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் ஊர்ப்பெயரை மட்டும் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடிதான் எழுத்துக்கூட்டல். கூடுதல் தகவல் கட்டத்தில் 'வட ஆர்க்காடு' என்பதை ஆங்கிலத்தில் போட்டு, வரும் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். இன்றைய மாவட்டப் பெயர் உதவாது. 1989க்கு முன் திருவண்ணாமலையும் வட ஆர்க்காட்டில்தான், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானது 2019இல். சிப்பாய், சப்பர் (பொறியியல் படைச் சிப்பாய்) என்று மட்டும் தேடாதீர்கள். சுமை தூக்கவும் சமைக்கவும் போனவர்களும் உண்டு. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) மாண்டு, கல்லறை எதுவென்று தெரியாதவர்கள் பாஸ்ரா நினைவிடத்தின் கீழ் வருவார்கள். அங்கே சுவரில் இந்தியச் சிப்பாய்களின் பெயரைப் பொறிக்காமல் எண்ணிக்கையை மட்டும் வைத்தார்கள், நம் ஊர்க் கல் போலவே. பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன.

வீட்டில் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு அங்கே இருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க முதலில் அழிவது அந்த வரிதான். கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊரென்றால் பாட்டிகளிடம் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

கிடைத்ததை ஊராருக்குக் காட்ட நூலகத்தில் ஒரு அலமாரி கிடைத்தால் போதும். பதக்கம், காகிதம் எதுவானாலும் அசலை வாங்கி வைக்காதீர்கள். படம் எடுத்து, அச்சிட்ட பிரதியை வையுங்கள். அசல் அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும், காகிதத்தை லேமினேட் செய்யவேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தால் காகிதமும் கூடவே வரும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், கரையான் ஏறினால் கண்ணில் படும்.