நீடித்த வளர்ச்சியைக் கற்பிக்கையில் கல்லூரிகள் செய்யும் தவறுகள்

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வலியுறுத்தியது. இன்று இளநிலை வகுப்புகளில் அதற்கென ஒரு தாள் உண்டு. சிக்கலும் அங்கேதான். 'அதுதான் தனித்தாளாக இருக்கிறதே' என்று மற்றத் துறைகள் ஒதுங்கிக்கொள்கின்றன. மாணவர் தேர்வுக்கு முந்தைய இரவில் கைடைப் புரட்டித் தேறிவிடுகிறார்.

அக்கறையுள்ள ஆசிரியரோ கடைசி அலகின் வாலில் இதை ஒரு பத்தியாக ஒட்டவைக்கிறார். பாடத்தின் நடுக்கூடத்துக்குள் வராத எதுவும் மனத்தில் நிற்காது. திருப்பூர்ச் சாயக்கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தியில் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கும் உப்பில் பெரும்பகுதி கழிவுநீரிலேயே தங்கிவிடுகிறது. நிறத்தைக்கூட நீக்கிவிடலாம், உப்பை நீக்குவதுதான் பெரும்பாடு. ஏன் என்று வேதியியல் வகுப்பு கேட்கலாம். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப்போனது. அந்த இழப்பு யாருடைய பேரேட்டில் ஏற வேண்டும் என்பது வணிகவியலுக்கான கேள்வி. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அங்கே கூலி வாங்கியவர்களின் கதியும் பொருளியலுக்குப் போதுமான தீனி.

விடை எளிதல்ல என்பதை மறைப்பது இன்னொரு தவறு. கழிவே வெளியேறாத முறையில் உப்புநீரை ஆவியாக்க எரிபொருளும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகும். ஆறு பிழைக்கிறது, புகை கூடுகிறது. இந்த முரணைப் பேசாமல் 'இயற்கையைக் காப்போம்' என்று உபதேசித்தால் வகுப்பு கொட்டாவி விடும்.

தமிழ்த் துறைக்கும் ஒரு வார்த்தை. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை ஒப்பிக்கச் சொல்வது சூழலியல் ஆகாது. அவை இன்றைய எந்தச் செடிகள் என்று தாவரவியல் துறையோடு உட்கார்ந்து சண்டை போடலாம்.

மரக்கன்று நடுவிழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுத்தபின் தண்ணீர் ஊற்றுவது யார் என்று மட்டும் விசாரியுங்கள்.

'பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை' என்ற புலம்பல் நியாயமானதுதான். ஆனால் புதுப்பாடம் எதற்கு? இருக்கும் கணக்கின் எண்களை மாற்றினால் போதும். 75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் விசிறி, மொத்தம் 400, நாளுக்கு 8 மணி நேரம்: மிச்சம் 144 யூனிட். போட்ட முதல் எத்தனை ஆண்டுகளில் திரும்பும்? இதை அகமதிப்பீட்டுத் தேர்விலேயே கேளுங்கள். மதிப்பெண் இல்லாததை யாரும் படிப்பதில்லை. கல்லூரியின் மின்கட்டண ரசீதையே வகுப்புக்குத் தர நிர்வாகம் சம்மதித்தால் இன்னும் நல்லது.